மறைந்து வரும் திருமுகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுகிறோம். சங்கப் பாடல்களின் இனிமையைப் பேசுகிறோம். அவை பேசத்தக்கவையே. ஆயினும் இவ்வாண்டு விழாக் குழுவினர், "நம் வீடுகளில் கண்முன்னே நடந்து வரும் ஒன்றைப் பற்றிப் பேசுக" என்று பணித்தனர். ஆதலின், கையால் எழுதும் கடிதம் நம்மிடையே அருகி வருவதைப் பற்றிச் சில சொல்ல எண்ணினோம். பொருள் எளியது. ஆனால் ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மைப் போன்றோர்க்கு அதனுள் ஒரு பெரிய வினா அடங்கியிருக்கிறது. அவ்வினாவைப் படிப்படியாக அணுகுவோம்.

கடிதத்திற்குத் தமிழர் இட்ட பெயர்கள் பல. பனையோலையில் எழுதியமையால் அது ஓலை ஆயிற்று. சுருட்டி முடக்கி அனுப்பியமையால் முடங்கல் ஆயிற்று. போர்த்துக்கீசியர் வந்தபின் அவர்தம் மொழியிலிருந்து கடுதாசி என்ற சொல் பிறந்து, ஊர்ப்புற மக்களின் நாவிலும் நிலைத்துவிட்டது. இப்பெயர்கள் எல்லாவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்வது திருமுகம் என்பது. அரசர் விடுத்த ஓலையையும் பெரியோர் விடுத்த ஓலையையும் அச்சொல்லால் வழங்கினர். எழுதியவர் எங்கோ இருக்கிறார். அவர் எழுத்து நம் கையில் இருக்கிறது. அவ்வெழுத்தைக் கண்டால் அவர் முகத்தைக் கண்டது போலாம் என்று கருதியே அப்பெயரைப் போற்றினர் போலும்!

இக்கருத்திற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை. கோவலனைப் பிரிந்த மாதவி இரண்டு கடிதம் எழுதுகிறாள். முதற் கடிதம் தாழை மடலில், பூவின் அரும்பையே எழுத்தாணியாகக் கொண்டு, செம்பஞ்சுக் குழம்பால் எழுதியது. வசந்தமாலை கொண்டு சென்ற அக்கடிதத்தைக் கோவலன் ஏற்க மறுத்துவிட்டான். இரண்டாம் கடிதத்தைக் கோசிகன் என்னும் அந்தணன், மதுரைக்குச் செல்லும் வழியில் அவனைக் கண்டு கொடுத்தான். அது களிமண்ணால் இலச்சினை இடப்பெற்ற ஓலை. அம்மண்ணில் மாதவியின் கூந்தல் பதிந்திருந்தது. கூந்தலில் பூசிய நெய்யின் மணமும் பொருந்தியிருந்தது. கோவலன் ஓலையைப் பிரிக்கும் முன்னரே, அம்மணம் பழைய நாளை அவனுக்கு உணர்த்தியது. கையில் வாங்கியதை விடமாட்டாதவனாய் நின்றான். பின்பு பிரித்துப் படித்தான். அவள் குற்றமற்றவள் என்று தெளிந்தான். அதனோடு நில்லாது, அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்தியிருக்கக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் தந்தான்.

ஓலையில் இருந்த சொல் ஒரு பங்கு வேலை செய்தது. ஓலையைத் தொட்ட கை மறுபங்கு வேலை செய்தது. கையால் எழுதிய கடிதத்தின் ஆற்றல் இதுதான். கருப்பு மையில் அடித்துத் திருத்திய இடம், நடுங்கிய கோடு, அவசரத்தில் சாய்ந்த வரி, கண்ணீர் விழுந்து பரவிய எழுத்து ஆகிய இவையும் செய்தியே. தந்தையின் கையெழுத்துச் சற்றே தளர்ந்திருப்பதைக் கண்டு, அவர் எழுதாமல் மறைத்த நோயை அறிந்துகொண்ட மக்கள் எத்தனையோ பேர்.

இனி, ஓலை போய் அஞ்சல் வந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1854ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், இந்தியா முழுமைக்கும் தொலைவைக் கருதாத ஒரே கட்டணமாக அரை அணா அமைந்தது. அடுத்த ஊருக்கும் அரை அணா. நாட்டின் மறுகோடிக்கும் அரை அணா. ஏழை மனிதன் தொலைவை வென்ற நாள் அது. 1879 ஜூலை முதல் நாள் அஞ்சலட்டை வந்தது. அதன் விலை காலணா. நாடு விடுதலை பெற்றபின், 1950ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளில் நீல நிற உள்நாட்டுக் கடிதத் தாள் வந்தது. 1972ஆம் ஆண்டு விடுதலை நாளில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. பல மொழிகளும், ஒரே பெயருடைய பல ஊர்களும் நிறைந்த நாட்டில் கடிதம் வழி தவறாமல் சேர்வதற்கு ஏற்படுத்திய முறை அது. தமிழ்நாட்டு எண்கள் 6 என்று தொடங்கும். வடபுலத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பலர், தம் சொந்த ஊரைக் காணும் முன்பே அந்த ஆறாம் எண்ணை எழுதப் பழகினர்.

கரோல் பாகிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் பிலாயிலும் குடியேறிய தமிழர்க்கு இக்காலணா அட்டையும் நீலத் தாளும் எவ்வளவு பெரிய துணையாக இருந்தன என்பதை முதியோர் அறிவர். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் உண்டு. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறிய கடிதம் ஊரை அடைய நான்கைந்து நாள். மறுமொழி வர மேலும் நான்கைந்து நாள். மாதச் சம்பளம் வந்ததும் மணியார்டர் போகும். அதன் அடித்துண்டில் நான்கு வரி எழுதுவர். மணியார்டர் சேர்ந்ததென்று கையொப்பமிட்ட சீட்டு திரும்பி வரும். பெருவிரல் ரேகை மட்டும் பதிந்து வந்த சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்த மக்கள் உண்டு; அது தாயின் விரல் அன்றோ!

அக்கடிதங்களுக்கு ஓர் இலக்கணமும் இருந்தது. மேலே பிள்ளையார் சுழி. வலப்புறம் ஊரும் நாளும். "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா" என்னும் தொடக்கம். "மற்றவை நேரில்" என்னும் முடிவு. நற்செய்தி ஆயின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தி ஆயின் ஓரத்தில் கறுப்பு மை தீட்டியிருக்கும். அதைப் படித்ததும் கிழித்து எறிந்துவிட்டுத் தலை முழுகுவர். அஞ்சலட்டையை அஞ்சற்காரர் முதல் அண்டை வீட்டார் வரை படிப்பர் ஆதலின், அதில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதில் ஒரு நாகரிகம் வளர்ந்தது. நீலத் தாளிலோ இடம் போதாது. முகவரிப் பக்கத்தின் மடிப்பிலும், ஒட்டும் ஓரத்திலும் செய்தியை எழுதி முடிப்பர். பிரிப்பவர் கவனமின்றிக் கிழித்துவிட்டால் அத்தை மகளின் திருமண நாள் இரண்டு துண்டாகிவிடும்.

தைத் திங்கள் வந்தால் பொங்கல் வாழ்த்து வரும். கரும்பும் பானையும் காளையும் வரைந்த அட்டைகள் சென்னையிலும் மதுரையிலும் நடைபாதைக் கடைகளில் விற்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து, பின்புறம் பெயர் எழுதி, தலை ஒட்டி அனுப்புவர் நம் மாமன்மாரும் சித்தப்பாமாரும். இங்கே குளிரில் நடுங்கும் வீட்டின் சுவரில் ஒரு நூலைக் கட்டி, வந்த அட்டைகளைத் தோரணமாகத் தொங்கவிடுவோம். பொங்கல் முடிந்தும் அத்தோரணம் மாசி வரை அசைந்துகொண்டிருக்கும்.

இவை யாவும் ஒரே நாளில் மறையவில்லை. 1980களின் இறுதியில் தெருமுனைதோறும் எஸ்.டி.டி. தொலைபேசிக் கூடங்கள் தோன்றின. இரவில் கட்டணம் குறையும் நேரம் வரை காத்திருந்து வரிசையில் நின்று ஊருக்குப் பேசினோம். கடிதத்தின் தேய்வு அன்றே தொடங்கிற்று. 1995ஆம் ஆண்டு இந்நாட்டில் அலைபேசி வந்தது. பின்பு மின்னஞ்சல் வந்தது, வாட்ஸாப்பு வந்தது, முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்பும் வந்தது. 1850இல் கல்கத்தாவில் வெள்ளோட்டம் விட்ட தந்தி, 2013 ஜூலையில் ஓய்ந்தது. பதிவு அஞ்சல் என்று நாம் அறிந்திருந்த தனிப்பணி, 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டில் அரசின் அஞ்சல் நிறுவனம், நானூறு ஆண்டு மரபை முடித்துக்கொண்டு, 2025ஆம் ஆண்டின் இறுதியோடு கடிதம் வழங்குவதையே நிறுத்திவிட்டது. தனியார் நிறுவனம் ஒன்று அப்பணியைத் தொடர்கிறது. நம் நாட்டில் நிலை அவ்வளவு மோசமன்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சல் நிலையங்கள் இன்றும் உள்ளன; அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு ஊர்ப்புறங்களில் இருப்பவை. ஆயினும் நம் வீட்டு வாயிலில் அஞ்சற்காரர் இன்று தருவது என்ன? வங்கி அனுப்பிய அட்டை, காப்பீட்டு அறிவிப்பு, கடையில் வாங்கிய பொருளின் பொட்டலம். கையால் எழுதிய முகவரியைக் காண்பது அரிதாகிவிட்டது.

இதைக் கூறும்போது புதுமையைப் பழிப்பது நம் நோக்கமன்று. பழங்காலத்தை நினைந்து ஏங்குவோர், அக்காலத்தின் துன்பத்தை மறந்துவிடல் ஆகாது. தாய் இறந்த செய்தி தந்தியில் வந்து, இரயிலேறி ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோன துயரம் நம்மில் பலருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பெண், தன் மகனுக்குச் சொல்ல வேண்டிய அந்தரங்கத்தைப் பள்ளி ஆசிரியரிடமோ அஞ்சற்காரரிடமோ சொல்லி எழுதச் செய்தாள். நெஞ்சில் இருந்ததில் பாதியை வெட்கத்தால் விழுங்கினாள். இன்று அவளைப் போன்றவள், பேரனின் முகத்தை நாள்தோறும் கண்ணாரக் காண்கிறாள், வாயாரப் பேசுகிறாள். இந்நன்மையை விட்டுக்கொடு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அலைபேசி வாழ்க!

ஆயின் இழந்தது என்ன? இங்கேதான் தொடக்கத்தில் குறிப்பிட்ட வினா எழுகிறது. சென்ற ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் அது விளங்கும்.

நம் அன்பர் ஒருவர், ஐம்பதை நெருங்குபவர், பொறியாளர், பிறந்ததும் வளர்ந்ததும் இந்நகரிலேதான். வீட்டில் நல்ல தமிழ் பேசுவார். தஞ்சை மாவட்டத்தில் இருந்த அவருடைய பாட்டியின் பழைய வீட்டை உறவினர் விற்றனர். வீட்டைக் காலி செய்தபோது, உத்தரத்தில் தொங்கிய கடிதக் கம்பி ஒன்றைக் கழற்றி இவருக்கு அனுப்பி வைத்தனர். வளைந்த கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைத்த கடிதங்கள்; ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. இங்கிருந்து இவருடைய தாயார் பல்லாண்டுகளாக எழுதியவை. தாயாரும் இன்று இல்லை. அன்பருக்குத் தமிழ் படிக்க வராது. அலைபேசியால் படம் எடுத்துப் படிக்க முயன்றார். அவசரத்தில் எழுதிய கூட்டெழுத்தை அதனாலும் தெளிவாகப் படிக்க இயலவில்லை. அக்கட்டோடு நம்மிடம் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அமர்ந்து படித்துக் காட்டினோம்.

அரிசி விலையும் மின் கட்டணமும், இங்குள்ள குளிரும், அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரின் அன்பும், ஊருக்கு வரப் பணம் சேராத வருத்தமும் அவற்றில் இருந்தன. 1985ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றின் அடியில், வேறு கையெழுத்தில், பெரிய பெரிய எழுத்தில் சில வரிகள் இருந்தன. "பாட்டிக்கு நமஸ்காரம். நான் நன்றாகப் படிக்கிறேன். இங்கே குளிர் அதிகம். கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?" என்று படித்தோம். "இதை யார் எழுதியது?" என்று அன்பர் கேட்டார். கீழே இருந்த பெயர் அவருடையது. ஏழு வயதில் அவர் கைப்பட எழுதியது அது.

தாம் எழுதியதைத் தாமே படிக்க மாட்டாதவராய் அவர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் என்று பாட்டி பதில் எழுதியிருப்பார்களே, அந்தக் கடிதம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். அதற்கு விடை கூற இன்று எவரும் இலர்.

அவர் தமிழை மறந்தது எப்படி? பள்ளியில் அவருக்கு இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. கடிதம் எழுதி முடித்த தாய், அடியில் நான்கு விரல் இடம் விட்டு, "பாட்டிக்கு நீயும் இரண்டு வரி எழுது" என்று மகன் கையில் பேனாவைத் தந்தாள். எழுத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினான். பாட்டியின் மறுமொழியில் அவனுக்கென்று இரண்டு வரி இருக்கும். அதைத் தானே படிக்க வேண்டும் என்று எழுத்துக் கூட்டினான். அதுவே அவனுக்குத் தமிழ்ப் பள்ளி. அவனுக்குப் பத்து வயதானபோது தெருமுனையில் தொலைபேசி வந்தது. பாட்டியின் குரல் கிடைத்தது, கடிதம் நின்றது, பள்ளியும் மூடியது. பேச்சுத் தமிழ் நின்றது. எழுத்துத் தமிழ் சென்றது.

அன்பர்களே! இது ஒருவர் கதை அன்று. இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதுவே கதையாக இருக்கக் கூடும். தமிழ்நாட்டில் வாழும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து கடைப் பலகையில் இருக்கிறது, பேருந்தின் நெற்றியில் இருக்கிறது, பாடநூலில் இருக்கிறது. கடிதம் மறைந்தாலும் அதற்கு எழுத்து மறையாது. இங்கே வாழும் நம் குழந்தைக்கோ, தமிழில் எழுத வேண்டிய தேவையைத் தந்தது கடிதம் ஒன்றே. அத்தேவை போனபின் எழுத்தைக் கற்பிப்பது, நீரில்லாத குளத்தில் நீச்சல் கற்பிப்பது போலாகும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆசிரியப் பெருமக்கள் எவ்வளவோ உழைக்கின்றனர். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் சொல்லித் தருகின்றனர். ஆனால் கற்ற எழுத்தைக் கொண்டு குழந்தை யாருக்கு எழுதும்? எழுதுவதற்கு ஓர் ஆள் இல்லாத எழுத்து, இரண்டு கோடை விடுமுறைகளில் மறந்துபோகும்.

"இப்போது அலைபேசியிலேயே தமிழ் எழுத்து இருக்கிறதே!" என்று இளைஞர் கேட்கலாம். இருக்கிறது, அதில் எழுதுவோரைப் பாராட்டுகிறோம். ஆயினும் நம் பிள்ளைகள் உறவினர்க்கு அனுப்பும் செய்திகளைப் பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தால் எழுதுகின்றனர். அவ்வெழுத்தில் கலையும் களையும் ஒன்றாகிவிடும். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். பல்லும் பாலும் கூட ஒன்றாகிவிடும். லகர ளகரத்தையும், றகர ரகரத்தையும், நகர ணகர னகரத்தையும் கண் பிரித்தறியாவிடின் நாவும் காலப்போக்கில் பிரித்தறியாது. ழகரத்தைத் தமிழின் சிறப்பெழுத்தென்று மேடையில் போற்றுகிறோம். அதைச் சுழித்து எழுதத் தெரிந்த குழந்தை நம் தெருவில் எத்தனை? பேசினால் தானே எழுதிக்கொள்ளும் கருவியும் வந்துவிட்டது. நல்லதே. ஆனால் அக்கருவி எழுதியது சரியா, தவறா என்று பார்க்கவும் எழுத்தறிவு வேண்டுமே!

தொலைவு தமிழ் எழுத்திற்குத் தடையன்று என்பதற்கும் சான்று உண்டு. பாரிசு நகரில் வாழ்ந்த ஜூலியன் வின்சோன் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர், உ. வே. சாமிநாதையருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். எழுத ஓர் ஆள் இருந்தார், படித்து மறுமொழி தருவார் என்ற உறுதி இருந்தது, ஆதலின் எழுதினார். ஐயரவர்கள் தமக்கு வந்த கடிதங்களைப் பல்லாண்டு காத்து வைத்தமையால், அவற்றின் முதல் தொகுதி 2018இல் நூல் வடிவம் பெற்றது. ஏட்டுச் சுவடிகளைக் காத்த கை, கடிதங்களையும் காத்தது.

பிழைப்புக்காக ஊரைப் பிரிந்து வாழ்ந்த எழுத்தாளர் பலரும் கடிதத்தால் உயிர் வளர்த்தவரே. புதுமைப்பித்தன் சென்னையிலிருந்தும், பிற்காலத்தில் திரைப்படப் பணிக்காகச் சென்ற புனாவிலிருந்தும், தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் "கண்மணி கமலாவுக்கு" என்னும் நூலாக வந்துள்ளன. புனாவில் நோயுற்ற அவர் 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவர் கதைகளில் காணாத மென்மையை அக்கடிதங்களில் காண்கிறோம். கு. அழகிரிசாமி தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களும் நூலாகியுள்ளன. ரசிகமணி டி. கே. சி. தம் அன்பர்களோடு கவிதைச் சுவையைப் பகிர்ந்துகொண்டது பெரிதும் கடிதங்களின் வாயிலாகவே. நேரு பெருமகனார் 1928ஆம் ஆண்டுக் கோடையில், முசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு எழுதிய கடிதங்கள், உலகத்தின் கதையையே சொல்லும் நூலாயின. மு. வரதராசனார் "அன்னைக்கு", "தம்பிக்கு", "தங்கைக்கு", "நண்பர்க்கு" என நான்கு நூல்களைக் கடித வடிவிலேயே இயற்றினார். ஒருவரை முன்னிறுத்தி எழுதும்போது தமிழ் தானே நெகிழ்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, செய்யத்தக்கது என்ன? பெருந்திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. நம் சங்கம் எளிதில் செய்யக்கூடிய சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, தமிழ் வகுப்பில் பயிலும் ஒவ்வொரு குழந்தையும் மாதம் ஒருமுறை, கைப்பட ஓர் அஞ்சலட்டை எழுதட்டும். பாட்டிக்கோ, தாத்தாவுக்கோ, அத்தைக்கோ, மாமனுக்கோ எழுதட்டும். பத்து வரி போதும். பிழை இருப்பின் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்த வேண்டா. பிழையோடு போகட்டும், பாட்டி அப்பிழையையும் கொஞ்சுவாள். அட்டைகளைச் சங்கமே வாங்கித் தரலாம். முகவரியையும் குழந்தையே எழுத வேண்டும். அந்த ஆறு இலக்க எண்ணைக் குழந்தையே இட வேண்டும். அஞ்சற்பெட்டியின் வாயில் அட்டையை நுழைப்பதும் குழந்தையின் கையாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மறுமொழி. இதுவே உயிர்நாடி. ஊரில் உள்ள உறவினரிடம் அலைபேசியில் பேசும்போது, "குழந்தை எழுதியது வந்ததா? பேச்சில் பதில் சொல்ல வேண்டா, இரண்டு வரி எழுதிப் போடுங்கள், எழுத்தைப் பெரிதாகப் பிரித்து எழுதுங்கள்" என்று வேண்டிக்கொள்வோம். புதிய கருவி பழைய கடிதத்திற்குத் தூது செல்லட்டும். தன் பெயரிட்டு வந்த அட்டையைக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாளில், அவ்வீட்டில் மூடிய பள்ளி மீண்டும் திறந்துவிடும்.

மூன்றாவது, ஊரில் எழுத எவரும் இல்லாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு. மூன்று தலைமுறையாக இங்கே வாழ்வோர்க்கு ஊர் என்பது பெயரளவில் நிற்கிறது. அவர்தம் குழந்தைகளுக்கு நம் சங்கத்து முதியோரே பாட்டியும் தாத்தாவும் ஆகலாம். ஒரே நகரில் இருந்தாலும் அஞ்சலில் எழுதிக்கொள்வதற்குத் தடையில்லை. தனியே வாழும் முதியோர் சிலருக்கு, வாயிலில் கடிதம் வருவதே மருந்தாகும்.

நான்காவது, தைப்பொங்கலுக்கு முன் ஒரு நாள் குழந்தைகளை இங்கே கூட்டி, வெற்றட்டை தந்து, தம் கையால் படம் வரைந்து வாழ்த்து எழுதச் செய்வோம். முப்பது பேரிடமிருந்து ஒரே படம் வந்து அலைபேசியை நிறைக்கும் இக்காலத்தில், கோணலாக வரைந்த ஒரு கரும்பு, மாமன் வீட்டுச் சுவரில் ஓராண்டு நிற்கும்.

ஐந்தாவது, நம் வீட்டுப் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் உறங்கும் பழைய கடிதங்கள். அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட வேண்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை இங்கே கொண்டு வாருங்கள். படிக்க வல்லோர் படித்துக் காட்டட்டும்; இளைஞர்கள் தம் கருவியால் படியெடுத்துக் காக்கட்டும். குடும்பத்தார் விரும்பாத அந்தரங்கம் அவர்களிடமே இருக்கட்டும். தமிழர் இந்நகருக்கு எதற்காக வந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர், எதற்காக ஏங்கினர் என்னும் வரலாறு எந்த அரசாங்க ஏட்டிலும் இல்லை. அந்நீலத் தாள்களில்தான் இருக்கிறது. அதைப் படிக்க வல்ல கண்கள் இன்னும் நம்மிடையே உள்ளன. இன்னும் இருபது ஆண்டு கழித்து அவை இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அஞ்சல் துறையும் இம்முயற்சிக்குத் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டு தொடங்கி, "டாயி ஆக்கர்" என்னும் பெயரால் கடிதப் போட்டி நடத்தி வந்திருக்கிறது. அன்பு என்னும் சொல்லின் இரண்டரை எழுத்து என்று கபீர்தாசர் பாடியதை நினைவூட்டும் பெயர் அது. அப்போட்டிக்கு அவரவர் தாய்மொழியிலும் எழுதலாம். நம் குழந்தைகள் அதில் தமிழில் எழுதிக் கலந்துகொண்டால், அது நமக்கு நாமே செய்துகொள்ளும் சிறப்பாகும்.

பெற்றோர்களே! உங்கள் குழந்தை தமிழில் பெரும்புலவனாக வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வழக்கறிஞனாகட்டும், மருத்துவனாகட்டும், அறிவியல் வல்லவனாகட்டும். ஆனால் என்றோ ஒரு நாள் அவன் கையில் உங்கள் கடிதம் ஒன்று கிடைக்கும். அன்று நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள். அதைப் படித்துக் காட்ட இன்னொருவரைத் தேடி அவன் அலைய வேண்டுமா, தானே விளக்கடியில் அமர்ந்து உங்கள் முகத்தைக் காண வேண்டுமா என்பதை இன்று நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஓர் அட்டையும், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நாழிகையுமே.

விழா முடிந்து வெளியே செல்லும்போது வாயிலருகே ஒரு மேசையில் அஞ்சலட்டைகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழந்தையும் ஒன்று எடுத்துச் செல்லட்டும். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!